கடைசி பெஞ்சுக்குத் தகுதியானவர்கள்

காலை ஏழு இருபதுக்கே கடைசி பெஞ்சு நிரம்பியிருந்தது. ஆராதனை எட்டரை மணிக்கு.

வில்பிரட் பின்வாசலில் நின்று பார்த்தார். பெஞ்சில் மனிதர்கள் யாரும் இல்லை. சில கைக்குட்டைகள், ஒரு வேதப்புத்தகம், ஒரு மூக்குக்கண்ணாடிக் கூடு, வளைந்த கைப்பிடியுடன் ஒரு கறுப்புக் குடை. எல்லாம் வரிசையாக உட்கார்ந்திருந்தன.

கோயில்பிள்ளை ஆபேல் பெருக்குவதை நிறுத்தினார்.

“இன்னா சார், இப்போ வந்துகினு கீறீங்க? ஹவுஸ்ஃபுல்.”

“குடை யாரோடது ஆபேல்?”

“செக்ரட்டரி சாரோடது. டிரைவர் ஆறு மணிக்கே கொணாந்து வெச்சிட்டுப் பூட்டாரு. சார் வூட்ல தூங்கிகினு கீறாரு.”

“அது என் மூலை.”

“உங்க மூலைதான் சார். யாரு இல்லேன்னாங்க. ஆனா இப்போ அது பெரிய எடம்.”

அந்த மூலையில் வில்பிரட் பல வருஷமாக உட்கார்ந்து வந்தார். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சர்க்கரை வியாதிக்காரர். பின்வாசலைத் தாண்டினால் செருப்பு ஸ்டாண்டு, அதற்கு நேர் பின்னால் பாத்ரூம். பிரசங்கம் நீளும் நாட்களில் மூன்று முறை போய் வருவார். யாருக்கும் தெரியாது. அந்த மூலைக்கு மின்விசிறிக் காற்று வராது. தூண் மறைக்கும். ஆயர் பேசுவது பக்கத்துத் தெருவில் யாரோ பேசுவது மாதிரி கேட்கும். அதற்கு யாரும் ஆசைப்பட்டதில்லை.

ஆசை ஜனவரியில் வந்தது.

ஒவ்வொரு புத்தாண்டிலும் கமிட்டி அந்த வருஷத்துக்கு ஒரு தலைப்பு வைக்கும். போன வருஷம் அன்பு. அந்த வருஷம்தான் காம்பவுண்டுச் சுவரை உயர்த்திக் கண்ணாடிச் சில் பதித்தார்கள். இந்த வருஷம் தாழ்மை. கேட்டில் பேனர் கட்டினார்கள். ‘தாழ்மையின் ஆண்டு’ என்று எழுதி, கமிட்டி உறுப்பினர் எல்லாருடைய படங்களும். யார் படம் மேலே வருவது என்று வழக்கமாகச் சண்டை நடக்கும். இந்த முறை யார் படம் கீழே வருவது என்று நடந்தது. செயலாளர் பொன்னுசாமி வென்றார். கீழே இருக்கிற படத்தைப் புல் மறைத்துவிடக் கூடாதே என்று மற்றவர்கள் படத்தைவிட மும்மடங்கு பெரிதாக அடித்திருந்தார்கள்.

ஆயர் ஜெபின் இளைஞர். இதுதான் அவருக்கு முதல் சபை. தலைப்புக்கு ஏற்ற மாதிரி ஒரு பிரசங்கம் செய்தார். விருந்துக்குப் போனால் முதல் இடத்துக்கு அலையாதே, கடைசியில் போய் உட்கார் என்பது அதன் சாரம். உள்நோக்கம் எதுவும் இல்லை. இறையியல் கல்லூரியில் பரீட்சைக்கு எழுதியது. நல்ல மார்க் வந்திருந்தது.

மறுவாரம் இரண்டாம் பாட்டின்போது பொன்னுசாமி எழுந்தார். கல்லூரி முதல்வராக இருந்தவர். முதல் பெஞ்சில் அவருக்கு மெத்தை போட்ட இடம் உண்டு. மெத்தையைக் கையில் எடுத்துக்கொண்டு, பெஞ்சுகளுக்கு நடுவே இருந்த பாதையில் மெதுவாகப் பின்னால் நடந்தார். அவர் போய்ச் சேரும்வரை ஆர்கன் வாசிப்பவர் கடைசிச் சரணத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தார்.

“கொஞ்சம் நகருங்க பிரதர். எனக்கு இதுதான் தகுதி.”

வில்பிரட் நகர்ந்தார்.

அடுத்த வாரம் பொருளாளர் வந்தார். அதற்கடுத்த வாரம் பெண்கள் ஐக்கியத் தலைவி கிறிஸ்டினா, பெண்கள் பக்கத்தை விட்டுவிட்டு வந்தார். தாழ்மையில் ஆண் பெண் வித்தியாசம் இல்லை என்றார். வில்பிரட் நகர்ந்துகொண்டே போனார். ஈஸ்டருக்குள் பெஞ்சின் மறுமுனையிலிருந்து கீழே விழுந்தார்.

அதனால்தான் இன்று ஏழு இருபதுக்கு வந்தது.

எட்டு மணிக்கு அவருடைய மனைவி ரத்தினபாய் வந்தாள். அதற்குள் கடைசியிலிருந்து நான்காவது பெஞ்சு வரை கைக்குட்டை விழுந்திருந்தது. எட்டரைக்கு முதல் பெஞ்சு மட்டும் காலி.

“வாங்க,” என்றாள். “அகந்தைக்காரங்க பெஞ்சுக்குப் போவோம்.”

முதல் பெஞ்சிலிருந்து பாத்ரூமுக்கு முழு ஆலயத்தையும் கடந்து போக வேண்டும். கடந்து திரும்பி வரவும் வேண்டும். வில்பிரட் அன்று இரண்டு முறை போனார். ஆயர் பிரசங்கத்தை நிறுத்தவில்லை. ஆனால் கண்கள் கூடவே போய்க் கூடவே வந்தன. சபையின் கண்களும்.

“ஊர்கோலம் மாதிரி போறாரு,” என்று கிறிஸ்டினா பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்.

கைக்குட்டையால் தகராறு வந்தது. ஒருவர் கைக்குட்டை மேல் இன்னொருவர் துண்டு போட்டார். அதைத் தீர்க்கக் கமிட்டி ‘தாழ்மைக் குழு’ ஒன்றை அமைத்தது. கடைசி பெஞ்சு வேண்டுவோர் விண்ணப்பிக்கலாம். தாம் எவ்வளவு அற்பமானவர் என்பதை ஒரு பக்கத்துக்கு மிகாமல் எழுத வேண்டும். பொருளாளர் ‘நான் புழு’ என்று எழுதினார். கிறிஸ்டினா ‘நான் தூசி’ என்று எழுதினார். எது தாழ்ந்தது என்று குழு இரண்டு கூட்டம் விவாதித்தது. புழுவுக்கு உயிர் இருக்கிறது, தூசிக்கு இல்லை, ஆகவே தூசியே தாழ்ந்தது என்று ஒரு தரப்பு. மனிதனையே கடவுள் தூசியால்தான் படைத்தார், ஆகவே தூசிக்கு ஓர் அந்தஸ்து உண்டு என்று இன்னொரு தரப்பு. பொன்னுசாமி எதுவும் எழுதாமல் வெற்றுத்தாளைக் கொடுத்தார். அவருடைய பெயரும் பட்டங்களும் அச்சிட்ட தாள். மூலை அவருக்குக் கிடைத்தது.

கிடைக்காதவர்கள் சும்மா இருக்கவில்லை. அடுத்த ஞாயிறு பொருளாளர் வீட்டிலிருந்து ஒரு பெஞ்சு கொண்டுவந்து, கடைசி பெஞ்சுக்குப் பின்னால், வாசற்படிக்கு வெளியே போட்டார். செயலாளர் ஒரே நொடியில் கடைசிக்கு முந்தினவர் ஆனார். மறுவாரம் அவருடைய பெஞ்சு முற்றத்துக்குப் போனது. அதற்கு மறுவாரம் பொருளாளருடையது செருப்பு ஸ்டாண்டு பக்கம் போனது. மழை வெயிலுக்குத் தகரக் கூரை போட்டார்கள். வெளியே ஸ்பீக்கர் கட்டினார்கள். ஆகஸ்டில் சபையில் பாதிப் பேர் வெளியே இருந்தார்கள். உள்ளே ஆயர் தூண்களுக்குப் பிரசங்கம் செய்தார்.

ஆகஸ்டில் இன்னொன்றும் நடந்தது.

கலியாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். மணமக்கள் பெயரைப் படித்து, இந்தக் கலியாணத்துக்கு ஆட்சேபணை இருந்தால் எழுந்து நிற்கலாம் என்று ஒவ்வொரு ஞாயிறும் ஆயர் மும்முறை கேட்பார். யாரும் நின்றதில்லை. அன்று யாரோ ஒரு பையனுக்கும் பெண்ணுக்கும் ஓலை வாசித்தார். ஆட்சேபணை உண்டா என்றார். வில்பிரட் எழுந்து நின்றார்.

பெண்ணின் அம்மா “ஐயோ” என்றார். பையன் தன் அப்பாவைப் பார்த்தான். ஆர்கன் வாசிப்பவர் கை தவறி ஒரு கட்டையை அழுத்திவிட்டார்.

“என்ன ஆட்சேபணை, அங்கிள்?” என்றார் ஆயர்.

“ஆட்சேபணை இல்லை ஐயா. பாத்ரூம்.”

ஆயருடைய மைக் பக்கத்தில் இருந்தது. அது வெளி ஸ்பீக்கரிலும் கேட்டது.

அக்டோபரில் வில்பிரட்டின் மகள் ஆஷாவுக்குக் கலியாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை பிரசன்னா, கீழ்க்கட்டளைக்காரர். மஸ்கட்டில் வேலை. டிசம்பர் முதல் வாரம் திரும்பிப் போக வேண்டும். நவம்பர் கடைசி ஞாயிறிலிருந்து கிறிஸ்துவின் வருகைக் காலம். அது தொடங்கிவிட்டால் ஆலயத்தில் கலியாணம் கிடையாது. அதற்கு முந்தின வியாழக்கிழமைக்கு மேடவாக்கத்தில் மண்டபம் பிடித்தார்கள். வில்பிரட் ஓலை வாசிக்கச் சொல்ல ஆயர் வீட்டுக்குப் போனார்.

ஆயர் காபி கொடுத்தார்.

“கமிட்டி புதுசா ஒரு தீர்மானம் போட்டிருக்கு அங்கிள். குடும்பத் தலைவர் மேல தாழ்மை சம்பந்தமா புகார் இருந்தா, விசாரிச்சு முடிக்கிறவரைக்கும் அந்த வீட்டு ஓலை வாசிக்கக் கூடாது.”

“என் மேல புகாரா?”

“மூணு இருக்கு.”

விசாரணை ஆலய அலுவலக அறையில் நடந்தது. அறையில் ஒரு மேஜையும் நாற்காலிகளும் இருந்தன. வில்பிரட் போனபோது குழுவினர் அனைவரும் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். பொன்னுசாமி மெத்தையில்லாமல் உட்கார்ந்திருந்தார். மெத்தை பக்கத்தில் இருந்தது, அதில் அவர் உட்காரவில்லை என்று தெரியும்படி.

“உட்காருங்க பிரதர்.”

வில்பிரட்டுக்கு முழங்கால் மடங்காது. நாற்காலியில் உட்கார்ந்தார்.

“எழுதிக்கோங்க,” என்றார் பொன்னுசாமி. “உயர்ந்த ஸ்தானத்திலிருந்து பதில் சொன்னார்.”

கிறிஸ்டினா எழுதிக்கொண்டார்.

“பிரதர், நாங்க உங்களை நியாயந்தீர்க்க வரலை. எங்களுக்கு என்ன தகுதி? நான் ரெண்டு டாக்டரேட் வாங்கினவன். ஒண்ணு ஃபாரின். ஆனா பெயருக்கு முன்னால டாக்டர்னு போடுறதில்லை. போடுறதில்லைங்கிறதை என் லெட்டர்ஹெட்டுலயே அச்சடிச்சிருக்கேன்.”

“எங்க வீட்டுல தாழ்மைங்கிறது பரம்பரையா வருது,” என்றார் கிறிஸ்டினா. “பல்லாவரத்துலேருந்து கூடுவாஞ்சேரி வரைக்கும் கேட்டுப் பாருங்க. எங்களை மாதிரி தாழ்மையான குடும்பம் கிடையாதும்பாங்க. நானா சொல்லிக்கிறதில்லை. சொல்றவங்க பெயர், போன் நம்பர் எல்லாம் எங்கிட்ட இருக்கு.”

“நான் புழு,” என்றார் பொருளாளர்.

“அது ஏற்கெனவே பதிவாயிருக்கு,” என்றார் கிறிஸ்டினா.

பொன்னுசாமி தொண்டையைச் செருமினார்.

“முதல் புகார். வாராவாரம் முதல் பெஞ்சுல உட்காருறீங்க.”

“வேற எடம் இல்லையே சார்.”

“தரை இருந்துது.”

“முழங்கால் மடங்காது சார்.”

“மடங்காத முழங்கால்,” என்று பொன்னுசாமி கிறிஸ்டினாவிடம் சொன்னார். “அதை அப்படியே எழுதுங்க. ரெண்டாவது. ஆராதனை நடுவுல எழுந்து, சபைக்கு முன்னால முழு நீளத்துக்கு நடந்து காட்டுறீங்க. ஒரு தடவை இல்லை. ரெண்டு, மூணு தடவை.”

“எனக்கு சுகர் சார்.”

“எனக்கும்தான் சுகர். நான் யார்கிட்டயாவது சொல்லியிருக்கேனா? மூணாவது. ஓலை வாசிக்கிற நேரத்துல எழுந்து, மைக்ல, உங்களைப் பத்தி நீங்களே ஒரு அறிவிப்பு செஞ்சீங்க.”

வில்பிரட் ஜன்னலைப் பார்த்தார். வெளியே ஆபேல் தகரக் கூரைக்கு அடியில் பெஞ்சுகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“சார், நான் ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். என் பழைய மூலையை எனக்கே குடுத்துடுங்க. முதல் பெஞ்சுப் பக்கமே வரமாட்டேன். யாரும் என்னைப் பாக்கமாட்டீங்க.”

குழுவினர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“கேட்டீங்களா?” என்றார் பொன்னுசாமி மெதுவாக. “கடைசி இடம் தனக்கு வேணுமாம். வாய்விட்டுக் கேக்குறாரு. இதுக்குப் பேர் என்ன?”

“பதவி ஆசை,” என்றார் பொருளாளர்.

தீர்ப்பைத் தள்ளிவைத்தார்கள். எழுந்திருக்கும்போது யாரும் முதலில் எழுந்திருக்கவில்லை. வில்பிரட் எழுந்து கதவைத் திறந்தார். அதையும் எழுதிக்கொண்டார்கள்.

வீட்டில் ஆஷா லேப்டாப்பை மூடினாள்.

“அப்பா, ரிஜிஸ்டர் ஆபீஸ்ல பண்ணிக்கிறோம்ப்பா. பிரசன்னாகிட்ட பேசிட்டேன். மஞ்சள் பையில ரெண்டு மாலை வாங்கினா முடிஞ்சுது.”

பதில் ரத்தினபாய்தான் சொன்னாள்.

“எங்க ஓலையும் அந்தக் கோயில்லதான் வாசிச்சாங்க. உன் ஞானஸ்நானமும் அங்கதான். போன மாசம் மூணு நாள் உட்கார்ந்து, வெள்ளைப் புடவைக்கு பார்டர் எது வெக்கிறதுன்னு என்கிட்ட சண்டை போட்டியே, அது ரிஜிஸ்டர் ஆபீஸுக்கா?”

ஆஷா மறுபடி லேப்டாப்பைத் திறந்தாள். திரையில் ஒன்றும் இல்லை. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த ஞாயிறு பெஞ்சுகள் நகர்ந்து நகர்ந்து பாத்ரூமை எட்டிவிட்டன. அதற்குப் பின்னால் சுவர்தான். பொன்னுசாமியின் பெஞ்சு பாத்ரூம் கதவை ஒட்டிப் போடப்பட்டிருந்தது. கதவில் முதுகைச் சாய்த்து அவர் கண்ணை மூடியிருந்தார். வில்பிரட் வந்து நின்றார்.

“சார், கொஞ்சம் எழுந்திரிக்கணும்.”

“எதுக்கு?”

“பின்னால போகணும்.”

பொன்னுசாமி கண்ணைத் திறந்தார். “எனக்குப் பின்னாலயா?”

“ஆமா சார்.”

“எனக்கும் கீழ ஒரு இடம் இருக்குன்னு சொல்றீங்களா?”

திரும்பிக் கதவைப் பார்த்தார். இதுவரை அதை அவர் அப்படிப் பார்த்ததில்லை. பொருளாளரும் தம் பெஞ்சிலிருந்து கதவைப் பார்த்தார்.

வில்பிரட் சாலையைக் கடந்து பெட்ரோல் பங்குக்குப் போய் வந்தார். அன்று முதல் ஞாயிறு காலையில் தண்ணீர் குடிப்பதை விட்டார்.

நவம்பர் பிறந்தது. மூன்று ஞாயிறு கிடைக்க வேண்டுமானால் வரும் ஞாயிறு முதல் ஓலை வாசித்தாக வேண்டும். அன்றுதான் பேராயர் வருகிறார். தாழ்மையில் முன்மாதிரி சபை என்று பேர் பரவி, நேரில் பார்க்க வருகிறார். சனிக்கிழமை மாலை ஆயர் ஜெபின் ரெயின்கோட்டோடு வில்பிரட் வீட்டுக்கு வந்தார்.

“தீர்ப்பு இன்னும் வரலை அங்கிள். கேட்டா, அவசரப்படுறதே அகந்தைன்னு சொல்றாங்க.”

“அனுமதி இல்லாம நீங்களா வாசிக்க முடியாதா ஐயா?” என்றாள் ரத்தினபாய்.

“வாசிக்கலாம் ஆன்ட்டி. திருச்சபைச் சட்டத்துல ஆயருக்கு அந்த அதிகாரம் இருக்கு. ஆனா செக்ரட்டரி எழுந்து நிப்பாரு. ஆலயத்துக்குள்ள ஒரே ஒருத்தர், எதுக்காக எழுந்து நின்னாலும் ஓலை நின்னுடும். அங்கிள் எழுந்ததுக்கே அந்த ஆகஸ்டு ஓலையை மறுபடி முதல்லேருந்து வாசிச்சோம். முதல் ஞாயிறு யாரும் நிக்கலைன்னா அப்புறம் கமிட்டி கை வெக்க முடியாது. மத்த ரெண்டும் சடங்குதான்.”

“ஆலயத்துக்குள்ள,” என்றாள் ரத்தினபாய்.

ஆயர் அவளைப் பார்த்தார்.

“ஆமா ஆன்ட்டி. உள்ளதான்.”

“நாளைக்கு பிஷப்பை எங்க உட்கார வெக்கப் போறாங்க?”

ஆயர் முகத்தில் மழைத்தண்ணீரை வெகுநேரம் துடைத்துக்கொண்டார். அதற்கு அவ்வளவு நேரம் தேவையில்லை.

ஞாயிறு விடிந்தும் மழை நிற்கவில்லை. முடிச்சூர்ப் பக்கம் முழங்கால் தண்ணீர் என்றார்கள். ஆலய முற்றத்தில் கணுக்கால் வரை நின்றது. பேராயர் கார் தண்ணீரைப் பிளந்துகொண்டு வந்தது. மாலை போடப் போனார்கள். வேண்டாம் என்று கையை உயர்த்தினார். அதைப் படம் எடுத்தார்கள். சரியாக விழவில்லை. இன்னொரு முறை வேண்டாம் என்றார்.

பொன்னுசாமி வரவேற்றுப் பேசினார். பேராயரின் பட்டங்களைச் சொன்னார். அவர் எழுதிய நூல்களைச் சொன்னார். பேராயர் மைக்கை வாங்கினார்.

“இதெல்லாம் என்னைப் பத்திச் சொல்லத் தேவையில்லை. நான் வெறும் மண்பாத்திரம். ஜெர்மனிக்குப் போனபோதும் அவங்ககிட்ட இதைத்தான் சொன்னேன். ஸ்வீடன்ல பேசுறப்பவும் சொன்னேன். அமெரிக்காவுல எழுந்து நின்னு கை தட்டினாங்க. எனக்கு எந்த மரியாதையும் வேணாம். கடைசி இடம் எதுவோ அதுல உட்காருறேன்.”

பாத்ரூம் கதவை ஒட்டிய பெஞ்சுக்கு அவரை அழைத்துப் போனார்கள். உட்கார்ந்தார். அங்கியைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டார். பொன்னுசாமி ஒரு கணம் நின்றார். தம் இடம் போய்விட்டது. பேராயருக்குச் சமமாக உட்காருவது முறையில்லை. முன்னால் உட்காருவது அதைவிட முறையில்லை. பேராயர் உட்கார்ந்த பெஞ்சைச் சற்று நகர்த்தச் சொல்லி, பாத்ரூம் கதவைத் திறந்து உள்ளே போனார். அங்கே ஒரு பக்கெட் இருந்தது. கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார். கதவைத் திறந்தே வைத்தார், தெரிய வேண்டுமே.

பொருளாளர் வந்து கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பக்கெட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

சபை முழுவதும் வெளியே போய்விட்டது. பேராயர் மழையில் இருக்கும்போது உள்ளே உட்கார யாருக்குத் தைரியம் வரும்? தகரக் கூரை ஒழுகியது. கூரைக்கு வெளியிலும் பெஞ்சு போட்டு நனைந்தார்கள். குடை பிடித்த ஒருவரை மற்றவர்கள் பார்த்த பார்வையில் அவர் குடையை மடக்கினார்.

உள்ளே முதல் பெஞ்சில் வில்பிரட், ரத்தினபாய், ஆஷா. பீடத்தருகே ஆயர். ஆர்கன் வாசிப்பவர்கூடப் போய்விட்டார்.

அன்று காலை வில்பிரட் ஒரு தப்புச் செய்திருந்தார். பதற்றத்தில் இரண்டு டம்ளர் காபி குடித்திருந்தார்.

முதல் வேதபாடத்திலேயே ஆரம்பித்தது. சங்கீதம் வாசிக்கும்போது பெஞ்சின் விளிம்பைப் பிடித்தார். ஆயர் வேகமாகத்தான் போனார். இருந்தும் வரிசைப்படி எல்லாம் வர வேண்டும். வெளியே மழை ஒரே சீராகக் கொட்டும் சத்தம் காதில் விழுந்துகொண்டே இருந்தது. அது உதவவில்லை.

“ரத்தினம்.”

“பேசாதீங்க.”

“பெட்ரோல் பங்குக்கு ஓடிட்டு வந்துடுறேன்.”

“ரோட்டுல முழங்கால் தண்ணி. அடுத்தது ஓலைதான். உட்காருங்க.”

ஆபேல் பின்வாசல் வழியாக நனைந்து வந்து, குனிந்து காதில் சொன்னார்.

“சார், பாத்ரூமுக்குன்னு அந்தப் பக்கம் வந்துராதீங்க. செக்ரட்டரி சார் உள்ள குந்திகினு கீறாரு. எழுந்திரிக்க மாட்டாரு. நான் பினாயில் எடுக்கப் போனதுக்கே ‘என் எடத்துக்கு வர்றியா’ன்னு கேக்குறாரு. செம பேஜாரு சார்.”

ஆயர் மைக்குக்கு முன்னால் வந்தார். ஒரு தாளைப் பிரித்தார். தொண்டையைச் செருமினார்.

“விவாக அறிவிப்பு. இந்தச் சபையைச் சேர்ந்த வில்பிரட், ரத்தினபாய் ஆகியோரின் குமாரத்தி ஆஷாவுக்கும், கீழ்க்கட்டளை சபையைச் சேர்ந்த பிரசன்னாவுக்கும்...”

வெளி ஸ்பீக்கரில் அது தெளிவாகக் கேட்டது. வில்பிரட் திரும்பிப் பார்த்தார். நடுப்பாதைக்கு நேராகப் பின்வாசல், அதற்கு நேராகத் திறந்த பாத்ரூம் கதவு. பக்கெட்டில் பொன்னுசாமி நிமிர்வது தெரிந்தது.

“இந்த விவாகத்துக்கு ஆட்சேபணை உள்ளவர்கள் ஆலயத்துக்குள் எழுந்து நிற்கலாம். முதல் முறையாகக் கேட்கிறேன்.”

பொன்னுசாமி பாதி எழுந்தார். கதவு நிலையைப் பிடித்திருந்த பொருளாளர் ஒரு காலை உள்ளே வைத்தார். பொன்னுசாமி அந்தக் காலைப் பார்த்தார். காலுக்குப் பின்னால் கிறிஸ்டினா, சேலையை முழங்கால்வரை தூக்கிக்கொண்டு தயாராக நின்றார். பொன்னுசாமி மறுபடி உட்கார்ந்தார்.

ஆஷா அப்பாவின் இடக்கையைப் பிடித்தாள். அது அவள் விரல்களை நெரித்தது. ஆட்சேபணைக்குப் பயப்படுகிறார் என்று அவள் நினைத்திருக்கலாம்.

“இரண்டாம் முறையாகக் கேட்கிறேன்.”

பொன்னுசாமி உள்ளிருந்து கையை ஆட்டினார். ஏதோ கத்தினார். மழை அதை விழுங்கிவிட்டது. பக்கத்தில் இருந்த பேராயர், தம்மைத்தான் வாழ்த்துகிறார் என்று எண்ணித் தலையசைத்து, வேண்டாம் என்று கையை உயர்த்தினார்.

ஆயர் அவசரப்படவில்லை. சட்டப்படி ஒவ்வொரு முறைக்கும் இடைவெளி விட வேண்டும். தாளைப் பார்த்தார். காலி பெஞ்சுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். கடைசியில் முதல் பெஞ்சுக்கு வந்தார்.

வில்பிரட்டின் முகம் வேர்த்திருந்தது. உதட்டைக் கடித்திருந்தார். இரண்டு முழங்கால்களும் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. பெஞ்சின் விளிம்பைப் பிடித்த வலக்கை தானாக ஊன்றத் தொடங்கியது. உடம்பு பெஞ்சிலிருந்து ஒரு விரற்கடை உயர்ந்தது. ரத்தினபாய் அவருடைய சட்டையின் பின்பக்கத்தைக் கொத்தாகப் பிடித்தாள்.

“எழுந்தீங்கன்னா,” என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு, “உங்க பொண்ணு கலியாணத்துக்கு நீங்கதான் ஆட்சேபணை.”

ஆயர் மைக்கை வாய்க்கு அருகில் இழுத்தார்.

“மூன்றாவதும் கடைசியுமாகக் கேட்கிறேன். யாராவது எழுந்து நிற்கிறீர்களா?”